எந்த வேட்டிப்பா?

எங்க ஊர்ல ஒரு ஆளைத் தூரத்துல பார்த்தாலே என்ன வேலையா போறார்னு சொல்லிடலாம். கைலியை மடிச்சுக் கட்டி தலையில துண்டு சுத்தியிருந்தா கொல்லைக்குப் போறார். வெளுத்த வேட்டியை இறக்கி விட்டு, துண்டு தோள்ல கிடந்தா பேங்குக்கோ கல்யாணத்துக்கோ போறார். கரை வேட்டின்னா கேக்கவே வேணாம், எந்தக் கட்சின்னு கரையே சொல்லிடும். பெரியவங்க எதிர்ல வந்தா, மடிச்சுக் கட்டின வேட்டியை ஒரு தட்டு தட்டி இறக்கி விட்டுடுவோம். யாரும் சொல்லித் தர்றதில்ல, பார்த்துப் பழகினதுதான்.

இதுல கசப்பான கதையும் உண்டு. எங்க தாத்தா காலத்துல எல்லாராலயும் தோள்ல துண்டு போட்டுட்டு நடந்துட முடியாது. பண்ணையார் வந்தா துண்டு இடுப்புக்கோ அக்குளுக்கோ வந்துடணும். சுயமரியாதை இயக்கம் வந்தப்புறம் தோள்ல துண்டு போடுறதே ஒரு உரிமைப் போராட்டமா ஆச்சு. ஒரு முழத் துண்டுக்கு இவ்வளவு சங்கதி. ஃபேஷன்னு நீங்க சொல்றதும் இதோட தம்பிதான்னு நினைக்கிறேன். நான் யாருன்னு வாயால சொல்லாம துணியால சொல்றது.

காந்தி மதுரைக்கு வந்தப்போ, 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேல மாசி வீதி வீட்டுல தங்கியிருக்கும்போதுதான் சட்டையையும் தொப்பியையும் விட்டுட்டு இடுப்புத் துணிக்கு மாறினார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லைன்னு ஏழை ஜனங்க சொன்னது அவர் மனசைத் தொட்டுடுச்சு. அவர் எடுத்துக்கிட்டது எங்கள மாதிரி ஆளுங்க உடுப்பு. அவர் கட்டினதும் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அதையே தினமும் கட்டிட்டிருந்த விவசாயியை யாரும் திரும்பிப் பார்க்கல.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, என் பொண்ணு ராயப்பேட்டையில வேலை பார்க்குது. பீட்டர்ஸ் ரோடு பக்கம் ரெண்டு தோழிகளோட தங்கியிருக்கு. அதுக்கு ஒரு வரன் பேசி முடிவாகுற நேரம். மாப்பிள்ளை வீடு சென்னைதான். அவங்களைப் பார்க்கப் போகுறதுக்கு முந்தின நாள் நான் போய் இறங்கினேன்.

காலையில டீக்கடைக்கு நடந்தேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டு ரோடெல்லாம் தடுப்பு. அங்க கைலி கட்டின ஆளுங்க நாலு பேர் பேப்பர் பார்த்துட்டு நின்னாங்க. நம்ம ஊர் டீக்கடை மாதிரியேதான் இருந்துச்சு, எனக்கு நிம்மதியா இருந்தது. சாயங்காலம் பொண்ணு ஒயிட்ஸ் ரோட்டுல இருக்குற எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குக் கூட்டிட்டுப் போச்சு. 2010-ல திறந்தது. அதுக்கு முன்னாடி அந்த இடத்துல இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை இருந்துச்சு. நான் வேட்டியில போனேன். யாரும் தடுக்கல, ஒரு வார்த்தை கேக்கல. அதையும் சொல்லணும் இல்லையா.

தடுக்காததுக்குப் பின்னாடி ஒரு சட்டமும் இருக்கு. ராயப்பேட்டையிலேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கு சேப்பாக்கம். 2014 ஜூலையில அங்க தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புல ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, கிளப் விதியைக் காட்டி உள்ள விடல. நீதிபதிக்கே அந்த கதி. பெரிய சத்தமாச்சு. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் போட்டாங்க. வேட்டியோ மத்த பாரம்பரிய உடையோ கட்டி வந்தவரை அதுக்காகத் தடுத்தா கிளப்போட உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், நான் குறை சொல்லல.

மால்ல ஒரு துணிக்கடையில வேட்டி தனி அலமாரியில இருந்துச்சு. கொக்கி வச்சது, ஒட்டிக்கிறது, உள்ள செல்போன் பை தச்சது. சட்டைக்கும் கரைக்கும் ஒரே நிறம், அப்பாவுக்கும் பையனுக்கும் ஒரே மாதிரி. இருபது வருஷம் முன்னாடி வேட்டி இனி கிழவங்களோட போயிடும்னு நினைச்சோம். திருப்பூர்ல 1983-ல ஆரம்பிச்ச ராம்ராஜ் மாதிரி கம்பெனிங்க டிவியில சல்யூட் அடிக்க வச்சு, வேட்டிக்கு மரியாதைன்னு ஒரு விலையை ஒட்டி வித்தாங்க. ஜனங்க வாங்கினாங்க. வேட்டி பிழைச்சுது, தறிக்கும் வேலை கிடைச்சுது. அதுவும் நல்லதுதான்.

அங்க நின்னுட்டுதான் பொண்ணு கேட்டுச்சு. "நாளைக்கு எந்த வேட்டிப்பா கட்டுவீங்க?"

"கொண்டாந்திருக்கேனே, தீபாவளிக்கு எடுத்தது."

"அது வேணாம்ப்பா. பழுப்பா இருக்கு. இதுல ஒண்ணு எடுத்துக்கலாம்."

பேண்ட் போடுங்கன்னு அது சொல்லல, அதுல எனக்குப் பெருமைதான். ஆனா அந்த வேட்டி பழுப்பானது எங்க ஊர் போர் தண்ணியில. எவ்வளவு நீலம் போட்டாலும் அப்படித்தான் இருக்கும். பளிச்னு வெள்ளையா இருக்கணும்னா நல்ல தண்ணி வேணும், கஞ்சி வேணும், இஸ்திரி வேணும், வேர்க்காம உக்கார இடம் வேணும். வெள்ளை வேட்டி பாரம்பரியம்னு சொல்றாங்க. அதோட வெள்ளை, வசதி.

சட்டம் எட்டாத இடம் இதுதான். 2024 பிப்ரவரியில பெங்களூரு ராஜாஜிநகர் மெட்ரோ ஸ்டேஷன்ல ஒரு விவசாயியைத் தடுத்தாங்க. கையில டிக்கெட் இருந்தும், துணி அழுக்குன்னு காரணம். வீடியோ பரவினதும் தடுத்த காவல் மேற்பார்வையாளரை வேலையை விட்டு எடுத்தாங்க. அதே வருஷம் ஜூலையில, அதே ஊர்ல, மகனோட சினிமா பார்க்க வந்த ஒரு விவசாயியை வேட்டி கட்டினதுக்காக ஒரு மால் உள்ள விடல. கர்நாடக அரசு அந்த மாலை ஏழு நாள் மூட வச்சுது. அவரை வெளிய நிறுத்தினது வேட்டியா? கரை மின்ன, கஞ்சி போட்டு ஒரு அரசியல்வாதி அதே வாசல்ல வந்திருந்தா கதவைத் திறந்து பிடிச்சிருப்பாங்க. வேட்டியைப் பார்த்து ஆளை எடை போட்டாங்க. எங்க உடுப்பை ஏத்துக்கிட்டாங்க, ஆனா உழைக்கிற கோலத்துல எங்களை ஏத்துக்கிறதுக்கு இன்னும் நாள் ஆகும் போல.

பொண்ணு ஆசைப்பட்டுச்சேன்னு அந்த வேட்டியை எடுத்துக்க விட்டேன். அதோட காசு, அதோட மரியாதை. விலையைப் பார்த்ததும் எத்தனை கிலோ மல்லாட்டைன்னு மனசு கணக்குப் போட்டுச்சு, வாயைத் திறக்கல.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுல சம்பந்தி ஜீன்ஸும் டீ ஷர்ட்டுமா வந்து வாசல்லயே கையைப் பிடிச்சு வரவேற்றார். தங்கமான மனுஷன். காப்பி குடிச்சதும் மெதுவா பக்கத்துல வந்து, "அண்ணே, கல்யாணத்துல நானும் வேட்டி கட்டணுமாம். எனக்கு இடுப்புல நிக்கவே நிக்காது. ஒட்டுற வேட்டியே வாங்கிடவா?" ன்னார்.

உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டிக் காட்டினேன். முதல்ல ரெண்டு முனையையும் சமமாப் பிடிச்சு, வலது பக்கத்தை உள்ள கொடுத்து, இடது பக்கத்தை மேல இழுத்து, இடுப்புல ஒரு சுருட்டு. மூணாவது தடவை அவருக்கு நின்னுச்சு. நடந்து பார்த்தார், குனிஞ்சு பார்த்தார், சின்னப் பையன் மாதிரி சிரிச்சார்.

தேதி குறிச்சாச்சு, தை மாசம். அதுக்குள்ள மல்லாட்டை பிடுங்கி முடிக்கணும்.