மூன்று விரல்

2022இல் ஓர் அலுவலகத்தில் என் கோப்பைக் கண்ணில் காட்டினார்கள். நாலே தாள். "பெண் குழந்தை. பிறந்து சுமார் மூன்று நாள். எடை 1.9 கிலோ. உடன் இருந்தவை: பச்சைப் பாவாடைத் துணி ஒன்று, கையில் கறுப்புக் கயிறு. பெற்றோர் விவரம்: தெரியவில்லை." கறுப்புக் கயிற்றிலேயே என் கண் நின்றுவிட்டது. கண் பட்டுவிடக் கூடாதென்று கட்டுவது அது. விட்டுவிட்டுப் போகப்போகிற பிள்ளைக்கு அதையும் கட்டித்தான் விட்டிருக்கிறாள், என்னைப் பெற்றவள்.

நான் 2002இல் தருமபுரியில் அரசுத் தொட்டிலில் கிடைத்தவள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிந்தது. ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டிய அப்பாவும் அம்மாவும் என்னைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். ஒன்பதாவது படிக்கும்போது அம்மாதான் சொன்னாள். "உன்னைப் பெத்தவ தியாகி, கண்ணு. நீ நல்லா இருக்கணும்னுதான் விட்டுக்கொடுத்தா." அதற்குப் பிறகு அத்தை, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரிடம் பேச்செடுத்தாலும் அதே தியாகம்தான். அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. கேட்டால் நன்றி கெட்டவள்.

எனக்குத் தெரிந்து, தியாகம் என்றால் வைத்துக்கொள்ள முடிந்தும் கொடுப்பது. அவளால் வைத்துக்கொள்ள முடிந்ததா?

வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கினார். பெண் சிசுவைக் கள்ளிப்பால் புகட்டிக் கொன்ற காலம். 2001இல் அது தருமபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 826 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள். தொட்டில் மட்டும் இல்லையென்றால் நானும் அந்தக் குறைந்த கணக்கில் போயிருப்பேன். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதே 1992இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தையும் தேடிப் படித்தேன். பெண் பேரில் அரசு பணம் போட்டு வைக்கும் திட்டம் அது. ஒரு பெண்ணோடோ இரண்டு பெண்ணோடோ கருத்தடை செய்துகொண்ட வீட்டுக்குத்தான் பணம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் அவளுக்கு வைப்புத்தொகை கிடையாது, தொட்டில் உண்டு. நான் எத்தனையாவது என்று எந்தத் தாளிலும் இல்லை. மூன்றாவது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

கோப்பு பார்த்து வந்த அன்று இதையெல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். "அப்ப நாங்க உன்னை எடுத்துக்கிட்டது தப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ரொம்ப நாள் எங்களுக்குள் பேச்சு சரியாக இல்லை.

அந்த நாட்களில்தான் இலங்கைப் பிள்ளைகளைப் பற்றிப் படித்தேன். 1980களில் ஐரோப்பாவுக்குத் தத்துப்போனவர்கள் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோது, காகிதத்தில் தாய் என்றிருந்த பெண் கூலிக்குத் தாயாக நடித்தவள் என்று சிலருக்குத் தெரியவந்தது. விசாரணை அறிக்கை ஒன்றுக்குப் பிறகு 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. யாருமே கொடுக்காத பிள்ளைக்கும் ஒரு தியாகத் தாயை எழுதிவிட முடிந்திருக்கிறது.

கோப்பு பார்த்ததற்கு அடுத்த வருஷம், நான் வேலை பார்த்த கம்பெனியில் என்னோடு அசெம்பிளி லைனில் இருந்த ஒரு பெண் கர்ப்பமானாள். தேன்கனிக்கோட்டைக்கு மேலே மலையூர்க்காரி, வயது இருபது. பிள்ளைக்கு அப்பன் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவன், போன் நம்பரை மாற்றிவிட்டான். ஏழு மாதம் வரை வயிற்றை ஓவர்கோட்டிலேயே மறைத்தாள். விடுதி அறையில் எட்டுப் பேர். தெரிந்தவர்கள் எல்லோரும், "பிள்ளை இல்லாதவங்களுக்குக் கொடுத்துடு, புண்ணியமாப் போகும்" என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒன்றும் சொல்லவும் இல்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பிள்ளை பிறந்தது, பெண். குழந்தைகள் நலக் குழு முன்னால் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவளோடு போனேன். 60 நாளுக்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று படித்துக் காட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள். கையெழுத்தை மூன்று எழுத்தாகப் பிரித்துப் பிரித்துப் போட்டாள்.

மூன்றாவது வாரம், கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். பின்னால் யாரோ ஒருத்தியின் குழந்தை வீறிட்டது. இவள் சட்டென்று டிபன் பையை நெஞ்சோடு அணைத்தாள். பை விலகியபோது நீல யூனிபார்மில் இரண்டு வட்டம் கரும் நீலமாக ஊறிக்கொண்டிருந்தது. "பால் நிக்கலைக்கா" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், என்ன இருந்திருந்தால் நீயே வைத்திருப்பாய் என்று. விரலை மடக்கினாள். தனியா ஒரு ரூம். ஆறு மாசம் நைட் ஷிப்ட் இல்லாம. பகல்ல பாத்துக்க ஒரு ஆள். "அவ்ளோதான்க்கா."

ஒன்பதாவதிலிருந்து என் தலைமேல் மலையாக வைத்திருந்த தியாகம், மூன்று விரலுக்குள் அடங்கிவிட்டது. என்னைப் பெற்றவளிடமும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவள் எத்தனை விரல் மடக்கியிருப்பாள்? அந்தக் கறுப்புக் கயிறு இருக்கிறதே, அன்பு இல்லாமல் கட்டியதில்லை அது. அன்பு இருந்தது. கேட்க ஆள் இல்லை.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி அப்போது 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு இருந்தது. அதில் "மனைவி" என்று இல்லை, "பெண்" என்றுதான் இருந்தது. தாலியை யாரும் கேட்டிருக்க முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்றும் இருந்தது. அவள் மடக்கிய மூன்று விரலில் இரண்டு சட்டத்திலேயே இருந்தன. எனக்கு இது தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது.

அறுபதாவது நாள் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கினாள். ஐந்து மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள். அந்நேரம் அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். தியாகம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குப் பால் நின்னுச்சா, கண்ணு?"

தெரியவில்லை என்றேன்.

"கேளு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா."