கார்டில் என் முழுப் பெயர்

அக்டோபர் 6, லாஸ் வேகாஸ் விமான நிலையம்

நேற்று ராத்திரி நடந்ததை அப்படியே எழுதி வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் போனால் மனசு அதற்குக் கை கால் வைத்துவிடும்.

மணி பத்தே கால். ஆறு கட்டு பிளாக்ஜாக் ஆட்டம், குறைந்த பந்தயம் 25 டாலர். மச்சினனுக்கு நாற்பது வயது நிறைகிறது என்றுதான் எல்லோரும் வந்திருந்தோம். அவன் என் வலப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்ததும் வழக்கம்போல் கேசினோ கம்பெனி கொடுத்த ப்ளேயர்ஸ் கார்டை எடுத்து டீலர் முன்னால் வைத்தேன். அட்லாண்டிக் சிட்டியில் இரண்டு வருஷமாக வைக்கிற அதே கார்டு. அந்தக் கம்பெனிக்கு இரண்டு ஊரிலும் கேசினோ உண்டு, கார்டு ஒன்றுதான்.

இருபது நிமிஷம் போயிருக்கும். எண்ணிக்கை ஏறியது. பந்தயத்தை 25லிருந்து 150க்குக் கொண்டுபோனேன். ராணியும் பத்தும் விழுந்தன. ஜெயித்த சிப்ஸைக் கொடுத்த டீலர் அடுத்த சீட்டைப் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, "மிஸ்டர் செண்பகராமன்" என்றார். எழுத்துப் பிசகாமல் முழுப் பெயர். "உங்கள் ஆட்டம் எங்களுக்குத் தாங்காது. வேறு எது வேண்டுமானாலும் ஆடுங்கள். பிளாக்ஜாக் வேண்டாம்."

குரலை உயர்த்தவே இல்லை. கார்டை இரண்டு விரலால் என் பக்கம் நகர்த்தினார். பச்சைச் சிப்ஸையும் கறுப்புச் சிப்ஸையும் பிரித்து அடுக்கும்போது என் கை நடுங்கியது. மேசையில் இருந்த நாலு பேரும் என் கையையே பார்த்தார்கள்.

"என்ன அத்தான், என்ன பண்ணீங்க?" என்றான் மச்சினன்.

விழுந்த சீட்டைப் பார்த்தேன். பார்த்ததை ஞாபகம் வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 7

தூக்கமில்லை.

அக்டோபர் 9

கோவில்பட்டியிலிருந்து அத்தை போன். மச்சினன் சொல்லிவிட்டான். "மாப்பிள்ளை சூதாடுறாராமே, பிடிச்சு வெளிய அனுப்பிட்டாங்களாமே" என்று என் மனைவியிடம் கேட்டாராம். "பிடிச்சு" என்ற அந்த ஒரு சொல் நாள் முழுக்க என்னைக் குடைந்தது.

சாப்பாடு முடிந்ததும் மனைவியை உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் கூட்டல் ஒன்று. 7, 8, 9க்குக் கணக்கில்லை. பத்து, படச்சீட்டு, ஆஸ் விழுந்தால் கழித்தல் ஒன்று. சின்னச் சீட்டெல்லாம் தீர்ந்துபோனால் பெட்டியில் மிச்சமிருப்பது பெரிய சீட்டு. அது ஆடுகிறவனுக்கு நல்லது. கையில் கூட்டல் 12 இருந்து, மூன்று கட்டு மிச்சமிருந்தால், வகுத்துக் கூட்டல் 4. அப்போது பந்தயத்தை ஏற்ற வேண்டும். எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் 1962லேயே சீட்டை எண்ணி ஜெயிக்கலாம் என்று புத்தகம் போட்டுவிட்டார். கருவி எதையும் ஒளித்து வைத்துக்கொண்டு எண்ணினால் நெவாடாவில் பெரிய குற்றம். மனசுக்குள் எண்ணினால் எந்தச் சட்டமும் தொடாது. ஆனால் கேசினோ அவர்கள் இடம், வேண்டாம் என்று சொல்ல அங்கே அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

பொறுமையாகக் கேட்டாள். "தப்பில்லன்னா நீங்க ஏன் என்கிட்ட இத்தனை நாள் சொல்லல?"

அதிர்ஷ்டத்துக்கு ஆடுகிறேன், அறை சும்மா கிடைக்கிறது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அக்டோபர் 13

கார்டைப் பற்றித்தான் ஒரு வாரமாக யோசனை.

சீட்டு எண்ணுகிறவர்கள் இரண்டு கட்சி. கார்டே கூடாது என்பார்கள் ஒரு கூட்டம். பெயரைக் கொடுக்காதே, ரொக்கத்தோடு போ, ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடு. கொடு என்பார்கள் இன்னொரு கூட்டம். பெரிய பந்தயம் கட்டுகிறவன் கார்டு வேண்டாம் என்றாலே மேசைகளை மேற்பார்க்கும் பிட் பாஸின் கண் அவன் மேல் விழும், தவிர காம்ப் என்கிற இலவசங்களை விடுவது ஜெயித்த பணத்தை மேசையில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

இரண்டாவது கட்சியின் கணக்கு எளிது. கார்டை வைத்ததும் ஃப்ளோரில் நிற்கிறவர் நம் சராசரிப் பந்தயத்தையும் நேரத்தையும் பதிவு செய்வார். சராசரி 50 டாலர், மணிக்கு 60 ஆட்டம், நாலு மணி நேரம் என்றால் மொத்தம் 12,000 டாலர் மேசையில் புரண்டிருக்கிறது. அதில் நூற்றுக்கு ஒன்று நாம் தோற்போம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டால் 120. உண்மையில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதை அது அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அந்த 120ல் மூன்றில் ஒரு பங்கை அறையாக, சாப்பாடாகத் திருப்பிக் கொடுப்பார்கள். எனக்கோ மணிக்கு 20 டாலர் வந்தால் பெரிசு. அதுவும் ஐந்நூறு அறுநூறு ஏறி இறங்கித்தான் அந்த இருபது. அப்படிப்பட்ட எனக்கு ஒரு ராத்திரி அறை என்பது பாதிச் சம்பளம்.

தோற்கிறவன் என்று என்னை அவர்கள் கணக்கெழுதி, அந்தக் கணக்கில் எனக்கு அறை கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

1967லிருந்து கிரிஃபின் என்ற துப்பறியும் நிறுவனம் கேசினோக்களுக்குப் போட்டோ ஆல்பம் விற்றது. ஏமாற்றுக்காரர்கள் படத்தோடு சீட்டு எண்ணுகிறவர்கள் படமும் அதில் இருக்கும். ஏமாற்றுக்காரர்கள் என்று தவறாகச் சேர்க்கப்பட்ட இரண்டு பேர் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 2005ல் நிறுவனம் திவால். அந்த ஆல்பத்தில் ஒரு படம் ஏற ஆள் வைத்துத் தேட வேண்டியிருந்தது. என் விஷயத்தில் யாரும் தேடவில்லை. எந்த நாள், எந்த மேசை, எவ்வளவு நேரம், எவ்வளவு பந்தயம் என்று இரண்டு வருஷம் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கேரி லவ்மன் 1998ல் ஹாராஸ் கேசினோ நிர்வாகத்துக்கு வந்து, கார்டில் சேர்ந்த தகவலை அலசிப் பார்த்தார். அவர்கள் வருமானத்தில் 82 சதவீதம் வெறும் 26 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வருவது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் கோடீஸ்வரர்கள் கிடையாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், மெஷின் ஓட்டுகிறவர், டாக்டர். வாராவாரம் வருகிற சாதாரண ஜனம். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், திரும்ப வருவார்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பல தடவை கார்டு கொடுக்கக் கூடாது என்று கார்டன் ஸ்டேட் பார்க்வே முழுக்கத் தீர்மானம் செய்துகொண்டே ஓட்டியிருக்கிறேன். மேசையில் உட்கார்ந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும்.

அக்டோபர் 19

அட்லாண்டிக் சிட்டி. தனியாகப் போனேன்.

நியூஜெர்சியில் சீட்டு எண்ணுகிறவனைக் கேசினோ தன்னிஷ்டத்துக்குத் துரத்த முடியாது. 1979ல் சீட்டு எண்ணுகிறவரான கென் உஸ்டனை ரிசார்ட்ஸ் கேசினோ வெளியே அனுப்பியது. அவர் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1982ல் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பை நம்பித்தான் இங்கே கற்றுக்கொண்டேன். ஆனால் துரத்தத்தான் கூடாது. எப்போது வேண்டுமானாலும் சீட்டைக் கலைக்கலாம்.

ஃப்ளோரில் எப்போதும் இருக்கிற அந்த அம்மாள்தான் இன்றைக்கும். அறுபது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி. முதல் தடவை கார்டைப் பார்த்தபோது, "இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு, செண்-பக-ரா-மன் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டவர். ஆபீஸில் பதினோரு வருஷமாக நான் 'ஷான்'. லைசென்ஸில் உள்ளபடி கார்டில் அச்சடித்ததால் இந்த ஊரில் இவர் ஒருவர் வாயில் மட்டும் அப்பா வைத்த பெயர் முழுசாக வரும். மகள் முட்டி ஆபரேஷனைக்கூட மறக்காமல் விசாரிப்பார்.

இன்றைக்கும் பெயர் சொன்னார். கண்ணைப் பார்க்கவில்லை.

15 டாலரில் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் சும்மா போயிற்று. கூட்டல் 9, நாலு கட்டு மிச்சம். 60 வைத்தேன். டீலர் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார். சீட்டுப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் கொட்டிக் கலைத்தார் டீலர். மஞ்சள் பிளாஸ்டிக் சீட்டைச் செருகச் சொல்லி என்னிடமே நீட்டினார். மறுபடி 15. மறுபடி ஏறியது. மறுபடி கலைத்தார். மூன்றாவது தடவை பக்கத்தில் இருந்த கிழவர் டீலரைப் பார்த்து, "என்ன இது, ஆடவா வேண்டாமா?" என்று கத்தினார். என்னால்தான் இது என்று அவருக்குத் தெரியாது.

எழுந்தேன். கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மாள் மெதுவாக, "மகள் நன்றாக நடக்கிறாளா?" என்றார்.

நடக்கிறாள் என்றேன்.

அக்டோபர் 20

எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 31

தீபாவளி. வேலை நாள்; காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் தபால் பெட்டியில் பளபளப்பான உறை. டிசம்பரில் இரண்டு ராத்திரி, கடல் பார்த்த அறை, சாப்பாட்டுக்கு 75 டாலர். முழுப் பெயர் தங்க எழுத்தில். அதே கம்பெனி. என்னை வேண்டாம் என்பவர்களுக்கும் வா என்பவர்களுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

அதிரசம் வைத்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் உறையை வைத்துவிட்டேன். யாரும் தொடவில்லை.

நவம்பர் 10

நோட்டுப் புத்தகத்தைக் கூட்டினேன். இரண்டு வருஷம், 212 மணி நேரம், லாபம் 3,140 டாலர். மணிக்குப் பதினைந்துக்குக் கொஞ்சம் கீழே. பெட்ரோல், டோல் கழிக்கவில்லை. இவ்வளவு குறைந்த மணி நேரத்தில் இந்தத் தொகைக்கு அர்த்தமே கிடையாது என்பது எனக்குத் தெரியும். வெறும் அதிர்ஷ்டத்தாலும் இவ்வளவு வரும், இதே திறமையோடு இவ்வளவு தோற்றிருக்கவும் முடியும். இருந்தும் ஒவ்வொரு பக்கமாக மூன்று தடவை கூட்டினேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "நாம அங்க எத்தனை நாள் தங்கினோம்னு எழுதலையாப்பா?"

எழுதவில்லை. பதினொன்று என்றாள். தன் விரலில் எண்ணி, எந்தெந்தத் தடவை பனி பெய்தது என்பதையும் சொன்னாள்.

நவம்பர் 11

பதினொன்றுதான். சரிபார்த்தேன்.

நவம்பர் 29

மச்சினன் போன் பண்ணினான். ஊரில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டான். கோபமில்லை என்றேன். கோபம் இருந்தது. "எண்ணுறதை எனக்கும் சொல்லிக் கொடுங்க அத்தான்" என்றதும் ஒரு மணி நேரம் பேசினேன், நின்றபடியே. அவன் கேட்ட கடைசிக் கேள்வி: "இவ்வளவு தெரிஞ்சும் கார்டு ஏன் கொடுத்தீங்க?" அறைக்காக என்றேன்.

டிசம்பர் 14

உறையைப் பற்றி மனைவிதான் பேச்செடுத்தாள். "கூப்பிட்டிருக்காங்க. நீங்க ஆட வேண்டாம். எனக்கு அந்த ஜன்னல் வேணும்." கடைசியாக நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியது அந்த ஜன்னல் பக்கத்தில்தான் என்றாள். எந்த மாதம் என்றும் சொன்னாள். அந்த ராத்திரி நான் கீழே போகவில்லையாம், தலைவலியாம்.

நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் 'ஆட்டம் இல்லை' என்று மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 21, அட்லாண்டிக் சிட்டி

வந்துவிட்டோம். வரவேற்பில் இருந்த பையன் கார்டைத் தேய்த்துவிட்டு, "மீண்டும் வருக" என்று திரையைப் பார்த்து என் பெயரைத் தடுமாறித் தடுமாறி வாசித்தான். வேறொன்றும் சொல்லவில்லை. கார்டை மனைவி வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மூவரும் போர்டுவாக்கில் காற்றுக்கு எதிராக நடந்தோம். மகள் முன்னால் ஓடினாள், முட்டி வலி இல்லாமல்.

இப்போது மணி பதினொன்றரை. அவர்கள் தூங்கிவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே போனேன். வழியில் மேசைகள். அந்த அம்மாளைக் காணவில்லை. வேறு யாரோ நின்றார். புதிதாகக் கலைத்த ஆட்டம் என்பதால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். 4, 2, 5, ராஜா, 6, 3. பழக்கம், தானாக ஓடுகிறது. கூட்டல் 4. அடுத்த சுற்றில் 7. அப்புறம் 11, ஏறக்குறைய மூன்று கட்டு மிச்சம். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. அறைச் சாவியும் தண்ணீருக்கு எடுத்த ஐந்து டாலரும்தான் இருந்தன.

கட்டு முடியும் வரை அங்கேயே நின்று எண்ணினேன்.