எரியாத பல்பு

லேக் மார்க்கெட்டில் தமிழன் என்றால் இட்லிக் கடை வைத்திருப்பான், அல்லது கம்பெனியில் கணக்கு எழுதுவான், இரண்டும் இல்லையென்றால் சபாவில் கச்சேரிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருப்பான் என்பது கொல்கத்தாவில் ஊரறிந்த விஷயம். வெல்டிங் மெஷினைப் பழுது பார்ப்பான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1989-ல் ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வீட்டுக்காரர் அம்பாசடரை விற்றுவிட்டதால் காலியான கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து நான் பட்டறை போட்டபோது, அப்பா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அப்பா ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர். ஒரே கம்பெனியில் 34 வருஷம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர். “சி.வி. ராமனே இந்த ஊருக்குக் கணக்கு ஆபீஸ் உத்தியோகத்துக்குத்தான் வந்தார்” என்பார். உண்மைதான். 1907-ல் ராமன் கல்கத்தாவுக்கு வந்தது நிதித் துறை அதிகாரியாக. ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் பவ்பஜார் தெருவில் இருந்த ஆய்வுக் கூடத்துக்குப் போய்க் கருவிகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இந்த வாதத்தில் இருவருமே ஜெயிக்கவில்லை.

ஹவுரா பெலிலியஸ் ரோட்டில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் ஐந்து வருஷம் வேலை கற்றிருந்தேன். கையில் இருந்த பணத்துக்கு என்ன வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது என்று ஒரு பட்டியல் போட்டேன். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் செலவு கருவிக்கு அல்ல, செங்கல்லுக்கு. ஆடி மழையில் எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை கட்டாமல் உள்ளே ஒரு மெஷினையும் வைக்க முடியாது. அந்தக் காலத்து மெஷின்கள் எண்ணெய்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர்கள். பெரியவை 200 கிலோவை நெருங்கும். தள்ளுவண்டியில் வரும் அதை இறக்கி, மேடையில் ஏற்றி, தொட்டியிலிருந்து காயிலை வெளியே தூக்க மூன்று இரும்புக் குழாய்களால் முக்காலி செய்து ஒரு செயின் பிளாக் மாட்டினேன். கையால் சுற்றும் காயில் மெஷின், ஸ்பானர்கள், பெரிய சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாம் சாந்தினி சௌக்கிலும் எஸ்ரா தெருவிலும் வாங்கினேன். காளிகாட்டில் ஏறினால் மெட்ரோ அப்போது எஸ்பிளனேடோடு நின்றுவிடும். அங்கிருந்து சாந்தினிக்கு நடை. கடைக்காரர்கள் என்னைத் ‘தாதா’ என்றார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனன் மிரண்டு போனான். வங்காளியில் அது ‘அண்ணா’ என்று விளக்கிய பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

வாங்காமல் விட்டவை இரண்டு. ஒன்று மெக்கர். மின்சாரம் ஓடும் கம்பிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவிலுள்ள காப்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்று 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மீட்டர். இரண்டு மாத வாடகைக்கு மேல் விலை. இன்னொன்று வார்னிஷ் காய வைக்கும் அடுப்பு. ஹவுராவில் நான் வேலை செய்த இடத்திலும் மெக்கர் கிடையாது. சீரிஸ் பல்புதான். ஒரு குண்டு பல்பை ஒயரின் நடுவே மாட்டி, ஒரு முனையை காயிலிலும் மறுமுனையை பாடியிலும் வைக்க வேண்டும். பல்பு எரிந்தால் லீக். எரியாவிட்டால் மெஷின் ஓ.கே. எங்களுக்கு அதுதான் வேதம்.

1991 மழைக்காலத்தில் கஸ்பா பக்கத்து கிரில் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு மெஷின் வந்தது. பிரைமரி காயில் எரிந்து போயிருந்தது. பழைய கம்பியைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, புதுச் செம்புப் பட்டையில் சுற்றி, எம்பயர் துணியும் காட்டன் டேப்பும் கட்டி, வார்னிஷில் முக்கி எடுத்தேன். அடுப்பு இல்லாததால் ஃபேன் காற்றில் உலர்த்தினேன். நான்கு நாளாக விடாத மழை. தொட்டால் கையில் ஒட்டவில்லை, அது போதும் என்று நினைத்தேன். சீரிஸ் பல்பு எரியவில்லை. ஒரு ராடு வைத்துப் பற்ற வைத்துப் பார்த்தேன், ஆர்க் ஜோராக வந்தது. வாடிக்கையாளரும் பத்து நாளாக அவசரப்படுத்திக் கொண்டிருந்தார். அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அங்கே உதவிக்கு இருந்த பையன், பதினெட்டு வயதிருக்கும், ஈரக் காலோடு வந்து மெஷினின் கைப்பிடியைப் பிடித்து நகர்த்தியிருக்கிறான். அந்தப் பட்டறையில் எர்த் ஒயர் எப்போதோ அறுந்து போயிருந்தது. கையை விட முடியாமல் துடித்தவன், யாரோ மெயினை அணைத்ததும் இரும்புச் சேனல் அடுக்கின் மேல் விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. உள்ளங்கை வெந்து போயிற்று. பிழைத்துக் கொண்டான்.

மெஷினைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு நண்பரிடம் மெக்கரை இரவல் வாங்கிக் கைப்பிடியைச் சுற்றினேன். முள் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. அதே மெஷினில் சீரிஸ் பல்பை வைத்தேன். அப்போதும் பல்பு எரியவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கை இன்றும் மறக்கவில்லை. ஒரு 40 வாட் பல்பு முழுதாக எரிய ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் நாலில் ஒரு பங்கு ஓடினால் பகல் வெளிச்சத்தில் பல்பு எரிவதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மனித உடம்புக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து. ஆளைக் கொல்லப் போதுமான மின்சாரம் ஒரு பல்பை எரிய வைக்கப் போதாது. ஆறு வருஷமாக நான் நம்பிய வேதம் இந்த லட்சணத்தில் இருந்தது. வார்னிஷ் மேலே மட்டும் உலர்ந்து, உள்ளே துணி ஈரத்தோடு இருந்திருக்கிறது. எர்த் இல்லாதது அவர்கள் தவறு என்று பிறர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை நான் ஏற்றுக் கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவர் அப்பா. பையனின் செலவை இருவரும் சேர்ந்து கட்டினோம். திரும்பும்போது டிராமில், ஜன்னலைப் பார்த்துக் கொண்டே சொன்னார்: “கணக்கு எழுதினவனே தணிக்கையும் பண்ணக் கூடாதுடா. எங்க ஆபீஸ்ல அதுதான் முதல் பாடம்.”

அடுத்த வாரம் மெக்கர் வந்தது. பாதிப் பணம் அப்பா கொடுத்தார். அடுப்புக்கு அம்மா தன் பழைய இரும்பு பீரோவைக் கொடுத்தாள். புடவைகள் டிரங்குப் பெட்டிக்குப் போயின. பீரோவின் அடியில் ஹீட்டர் காயில்கள், மேலே நீராவி போக ஓட்டைகள், கதவில் ஒரு தெர்மாமீட்டர். வார்னிஷ் போடும் முன்பே காயிலை 110 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்து ஈரத்தை விரட்டுவேன். பிறகு முக்கி, வடிய விட்டு, மறுபடி உள்ளே. ஈரம் போயிற்றா என்பதை மெக்கர் சொல்லும். சூடேறும்போது முதலில் முள் கீழே போகும், பிறகு மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கும். நின்ற பிறகுதான் கதவைத் திறப்பேன். எண்ணெய்க்குப் பெரிய டெஸ்டிங் மெஷின் வாங்க வசதியில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை ஒரு கரண்டி எண்ணெயில் விட்டால், தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளிப்பது போலச் சடசடக்கும். சத்தமில்லாமல் இருந்தால் அந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றலாம்.

அதற்குப் பிறகு அப்பா தினமும் மாலை நாலு மணிக்குப் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். ஒரு நீளமான பேரேட்டில் கட்டம் போட்டார். தேதி, மெஷின், பிரைமரிக்கும் பாடிக்கும் எத்தனை மெகாஓம், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் எத்தனை, யார் பார்த்தது, யார் சரி பார்த்தது. பின்னதில் 5 மெகாஓமுக்கும் முன்னதில் இரண்டரைக்கும் குறைந்தால் வாசல் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஒரு முறை 2.2 வந்தது. “பரவாயில்லப்பா, கிட்டத்தட்ட சரிதான்” என்றேன். “பேலன்ஸ் ஷீட்டுல கிட்டத்தட்டன்னு ஒண்ணு கிடையாது” என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த மெஷின் இன்னொரு ராத்திரி பீரோவில் தூங்கியது.

மிச்சமிருந்தது லோடு. ஒரு ராடு எரித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும் காயில், அரை மணி சூடேறிய பிறகுதான் தன் சுபாவத்தைக் காட்டும். கைவிடப்பட்ட டிராம் ஒன்றின் ரெசிஸ்டன்ஸ் கட்டங்கள் ஹவுராவில் ஒரு காயலான் கடையில் கிடைத்தன. வார்ப்பிரும்பில் வளைந்து வளைந்து, நெளிந்த ஜாங்கிரி போல இருக்கும். போல்ட்டை மாற்றிப் போட்டு வேண்டிய அளவுக்கு லோடை வைத்துக் கொள்ளலாம். 150 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது முனையில் 26 வோல்ட் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 20-உடன் ஆம்பியரில் நூற்றுக்கு நாலு பங்கைச் சேர்த்தால் அந்த எண் வரும். நான்கு அயர்ன் பாக்ஸ் ஒன்றாக எரியும் சூடு. சிறு பட்டறைகள் பலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது, வேலை முடிந்ததும் ஒரு கோடு இழுத்துக் காட்டிக் காசு வாங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் முனையில் கொடுப்பது கொஞ்சம், லைனிலிருந்து இழுப்பது நிறைய. 80 வோல்ட்டை 300 ஆம்பியரால் பெருக்கினால் 24 கே.வி.ஏ. பத்துப் பன்னிரண்டு ஏ.சி. ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். குடியிருப்புச் சந்தில் அதற்கு இடமில்லை. 150-க்கு மேல் நான் போனதில்லை. முழு லோடு சோதனையை வாடிக்கையாளரின் இடத்தில் போய், மெக்கரையும் எடுத்துக்கொண்டு, நின்று பார்த்துவிட்டு வருவேன். எர்த் ஒயரையும் அங்கேயே பார்ப்பேன். 150-க்கே மாடி வீட்டு மாமியின் லைட் மங்கும். மாமி ஜன்னல் வழியாக, “ஏண்டா, உலை வைக்கறியா, ஊரையே வைக்கறியா?” என்பார். கடைசியில் ஓர் உடன்பாடு: காலை பத்துக்கு முன்னால் கூடாது, மாலையில் டி.வி. சீரியல் நேரத்தில் கூடாது.

அப்பா 2006-ல் காலமானார். பேரேடுகள் பதினொன்று இருக்கின்றன. பழைய லேக் மார்க்கெட் கட்டடம் போய், அங்கே லேக் மால் வந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டி மெஷின் வருவது அபூர்வம். இப்போதைய இன்வெர்ட்டர் மெஷினைப் பள்ளிக்கூடப் பை போலத் தோளில் மாட்டிக் கொண்டு வருகிறார்கள். அக்கா மகன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு என்னோடு சேர்ந்திருக்கிறான். அவனும் ஒரு பட்டியல் கொண்டு வந்தான். ஆஸிலாஸ்கோப், ஹாட் ஏர் ஸ்டேஷன், எல்.சி.ஆர். மீட்டர். எல்லாம் தேவைதான், வாங்கினோம். நான் சேர்த்தது மூன்று.

ஒன்று, ஆஸிலாஸ்கோப்புக்கு ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். அது இல்லாமல் லைனோடு சேர்ந்த போர்டில் கிளிப்பை மாட்டினால் வெடிச் சத்தம்தான் கேட்கும். இரண்டு, வாசலுக்கு வெளியே ஒரு புளோவர். இன்வெர்ட்டர்கள் பாதிக்கு மேல் சாவது கிரைண்டர் தூசியால் என்பது என் அனுபவம். ஃபேன் இரும்புத் தூளை உள்ளே இழுத்து போர்டில் படிய வைக்கிறது, கொல்கத்தாவின் ஈரம் மீதியைச் செய்கிறது. அதை உள்ளே வைத்து ஊதினால் அடுத்த மெஷினுக்கு நாமே வியாதி கொடுத்ததாகும். மூன்றாவது, குண்டு பல்பு. அவன் சிரித்தான். உள்ளேயிருக்கும் கெப்பாசிடர்களில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். பல்பை வைத்து அதை வடித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பழுது பார்த்த போர்டை முதன்முதலில் ஆன் செய்யும்போதும் 200 வாட் பல்பு சீரிஸில் இருக்க வேண்டும். ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், புதிதாகப் போட்ட ஐ.ஜி.பி.டி.யாவது மிஞ்சும். எல்.இ.டி. வந்த பிறகு 200 வாட் பல்பு சாந்தினியிலேயே தேட வேண்டியிருக்கிறது. ஒரு டஜன் வாங்கிப் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன். அந்தப் பல்பை இன்னும் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கஸ்பா பையனின் கதையை அப்போதுதான் முழுதாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “பேரேட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டுடலாமே மாமா” என்றான். போடு, ஆனால் இரண்டு பெயர் இருக்க வேண்டும் என்றேன்.

நேற்று அவன் தனியாகச் சரி செய்த முதல் மெஷின் முடிந்தது. போர்டைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கர் பார்த்தான். இரண்டு இடத்திலும் 50-க்கு மேல். நான் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இன்று டிராம் கட்டத்தில் 200 ஆம்பியர், அரை மணி நேரம். மாமிக்கு இப்போது 84 வயது, காதும் மந்தம். மாடிக்குப் போய், நாலு மணிக்கு லைட் மங்கும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். சீரியல் ஆறரைக்குத்தான் என்றார்.