பெட்டிக்குள் ஒரு கொள்ளைக்காரன்

ஜெர்மனியின் தென்பகுதியில், மூனிக் நகரத்திலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் ஆக்ஸ்பர்க். ரோமானியர் காலத்து ஊர். வியாபாரத்தில் பெரும் பணம் கண்ட ஃபுகர் குடும்பத்தார் வாழ்ந்த ஊர். பணமூட்டை போகும் பாதையில் கொள்ளைக்காரன் காத்திருப்பது உலக வழக்கம் அல்லவா? அந்நாளைய ஜெர்மனியிலோ ஒரு விந்தை: கவசம் தரித்துக் குதிரையேறி வரும் வீரப் பிரபுவே சில சமயம் வழிப்பறிக்காரராகவும் இருப்பார்!

கெட்ஸ் என்ற பிரபு அப்படிப்பட்டவர். 1504-ல் போரில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு கையை இழந்தார். இரும்பில் கை செய்து மாட்டிக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிட்டார். வர்த்தகர்களை மறித்துக் கொள்ளையடித்தார். 1528-ல், "உமக்கு ஒன்றும் நேராது" என்ற வாக்குறுதியை நம்பி ஆக்ஸ்பர்க்குக்கு வந்தவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1530-ல்தான் விட்டார்கள்.

இன்று அதே ஊரில், கொள்ளைக்காரன் என்றால் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அவன் முழ உயரத்து மரப்பொம்மை!

இந்த மாற்றத்துக்குக் காரணம் வால்ட்டர் ஓமிஷென் என்ற நாடக நடிகர். யுத்த காலத்தில் மனைவி, இரண்டு பெண்களோடு சேர்ந்து சிறிய பொம்மலாட்ட மேடை ஒன்றை அமைத்தார். 1944 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் மீது குண்டுமாரி பொழிந்தது. நகரத்து நாடகசாலையோடு அந்தச் சின்ன மேடையும் எரிந்து சாம்பலாயிற்று. பொம்மைகள் மட்டும் தப்பின. ஏன் தெரியுமா? அன்றிரவு ஓமிஷென் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்!

நாலு வருஷம் கழித்து, 1948 பிப்ரவரி 26-ம் தேதி, பழைய தரும ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் புதிய மேடை திறந்தது. அதற்குப் 'பொம்மைப் பெட்டி' என்றே பெயர். திரைக்குப் பதிலாக மரப்பெட்டியின் மூடி இரண்டாகத் திறக்கும். உள்ளே உலகமே விரியும். முதல் கதை, பூட்ஸ் போட்ட பூனை. வெளியே இடிபாடுகள், உள்ளே குழந்தைகளின் சிரிப்பு.

ஓமிஷெனின் பெண் ஹன்னலோரே லிண்டன் மரத்தில் பொம்மைகளைச் செதுக்கினார். 2003-ல் மறையும் வரை அவர் கையில் பிறந்தவை ஆயிரக்கணக்கில். மேலே பலகை மீது நின்றுகொண்டு நூல்களை இழுக்கிறார்கள். பொம்மையின் முகம் மாறுவதே இல்லை. தலை கொஞ்சம் சாய்ந்தால் போதும், அழுகிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது!

இந்தப் பெட்டியிலிருந்து வந்த கொள்ளைக்காரர்களில் பெயர் போனவன் ஹாட்ஸன்ப்ளாட்ஸ். 1962-ல் அவனைப் படைத்த ப்ராய்ஸ்லர் ஒரு பள்ளி ஆசிரியர். ரஷ்யச் சிறை முகாம்களில் ஐந்து வருஷம் கிடந்து திரும்பியவர். அவருடைய கொள்ளைக்காரன் திருடுவது பொன்னல்ல, பொருளல்ல. ஒரு பாட்டியின் காப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரம்! சுற்றினால் பாட்டுப் பாடும் யந்திரம். பிறந்தநாளுக்குப் பேரன் காஸ்பர்லும் அவன் தோழன் ஸெப்பலும் கொடுத்தது. சும்மா விடுவார்களா? துரத்திப் போய் அவர்களே அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஒரு மூட்டை மூக்குப்பொடிக்குக் காஸ்பர்ல் மந்திரவாதியிடம் விலைபோகிறான். அங்கே அவனுக்கு வேலை என்ன? உருளைக்கிழங்குத் தோல் சீவுவது! எல்லா ஜாலமும் தெரிந்த அந்த மந்திரவாதிக்கு அந்த ஒரு வேலை மட்டும் மந்திரத்தால் ஆகாதாம். சமையலறை தெரிந்த பெண்மணிகள் இதை உடனே நம்பிவிடுவார்கள்.

முடிவில் கொள்ளைக்காரனைக் கொல்லவில்லை. சிறு பறவையாகிக் கூண்டில் அடைபட்டு வந்து, மறுபடி மனிதனாகிப் போலீஸ்காரரிடம் ஒப்படைக்கப்படுகிறான். பாட்டி வீட்டில் காப்பியும் கேக்கும் பரிமாறுகிறார்கள்.

இதைச் சாதாரண முடிவு என்று நினைக்கலாம். குண்டுகளையும் சிறை முகாமையும் கண்டவர்கள் தங்கள் குழந்தைகளுக்கென்று தேர்ந்தெடுத்த முடிவு அது. திருடன் பிடிபட வேண்டும், யாரும் சாகக்கூடாது, பாட்டியின் வீட்டில் மறுபடி காப்பி மணக்க வேண்டும். அவர்கள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.