பொன்னுக்கு வீங்கி

யானைக்கால் நோயின் பெயர் வடிவத்தைச் சொல்லும். பொன்னுக்கு வீங்கியோ மருந்தையே பெயரில் சுமந்து நிற்கிறது. கன்னம் வீங்கிய பிள்ளையின் கழுத்தில் பொற்சங்கிலி பூட்டினால் வீக்கம் வடியும் என்பது நாட்டு நம்பிக்கை. ஆண்மக்களுக்குப் பொன்னணி விலக்கப்பட்ட நம் இஸ்லாமிய இல்லங்களிலும், மகனுக்குக் கன்னம் வீங்கினால் தாயின் சங்கிலி இறங்கி வருவதைக் கண்டிருக்கிறோம்!

பிள்ளை ஒரு வாரத்தில் தேறிவிடுவான். புகழ் பொன்னைச் சேரும். வைரஸால் வரும் இந்நோய் பெரும்பாலும் தானே தணிவது. ஓய்வும் நீராகாரமும் மென்மையான உணவும் வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், சிறார்க்கு ஆஸ்பிரின் ஆகாது. வீக்கம் தோன்றி 5 நாள்வரை வகுப்புக்கு அனுப்பலாகாது. பருவமெய்திய இளைஞர்க்கு விதைவீக்கம் நேரலாம். சிலர்க்கு மூளையுறை அழற்சி. அரிதாகச் செவிப்புலனே போய்விடும். கடுந்தலைவலி, வாந்தி, விதைவலி, காதுமந்தம் கண்டால் சங்கிலியை நம்பிக் காத்திருத்தல் தகாது.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் என அறிஞர் கருதும் மரக்காணத்தை எண்ணுகையில் நமக்கு மற்றொரு கவலையும் எழுகிறது. உப்பளத்து வெயிலில் வியர்வை பெருகும். ஒதுங்க மறைவிடமின்றி நீரருந்துவதையே குறைத்துக்கொள்ளும் பெண்களின் நிலை இன்னும் கொடிது. உடலில் நீர் வற்றினால் உமிழ்நீர் குறையும். சுரப்பியில் கல்லடைப்புக்கும் சீழுக்கும் அது வழிவகுக்கும். (உப்பு உறைந்து கல்லாவதாக எண்ணற்க, அக்கல் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது.) அவ்வீக்கத்தையும் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டால் நோய் மறைந்தே வளரும்.

வேறுபாடறிவது அரிதன்று. பொன்னுக்கு வீங்கி காய்ச்சலோடு வந்து, காதின்கீழ்ப் புடைத்துக் காதுமடலை மேலே தள்ளும். ஒரு பக்கத்தில் தோன்றி மறுபக்கமும் பரவுவதுண்டு. கல்லடைப்போ பெரும்பாலும் தாடையின்கீழ், உண்ணும்பொழுது பொங்கிப் பின் வடியும். எலுமிச்சையின் புளிப்பு முன்னதில் வலியை மிகுவிக்கும். பின்னதில் உமிழ்நீரைச் சுரப்பித்துச் சிறு கல்லை வெளியேற்ற உதவும். சீழ் பிடித்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், கல் பெரிதாயின் அறுவை மருத்துவமும் வேண்டிவரும். மருத்துவர் விரலால் தடவியும், தேவையெனில் ஸ்கேன் எடுத்தும் தெளிவார்.

தடுப்பூசியின் வரலாறு சுவையானது. மாரிஸ் ஹில்மன் என்னும் அறிவியலார் 1963இல் தம் மகள் ஜெரில் லினுக்குக் கன்னம் வீங்கியபொழுது அவள் தொண்டையிலிருந்தே கிருமியை எடுத்தார். 1967இல் அமெரிக்காவில் ஊசி வழக்கிற்கு வந்தது. தமிழகத்தில் 2017இல் அரசு இலவசமாகப் போட்ட ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கிக்கான கூறு அதில் இல்லை. மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைத் தனியார் மருத்துவரிடம் விலை கொடுத்தே போட வேண்டியிருந்தது. சங்கிலியை இரவல் கேட்கும் வீடுகளில் அவ்விலைக்கு எங்கே போவார்கள்?