பயம் பெற்ற பிள்ளை

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கோபமே வராது என்றால், இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே தொடர்கதைக்குப் போய்விடலாம். மற்றவர்கள் சற்று உட்காருங்கள். என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். சரியான மழை. என் எட்டு வயதுப் பெண் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட வேண்டும். ஐந்தாயிற்று, ஐந்தரையும் ஆயிற்று. வேன் டிரைவரின் செல்போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மாம்பலத்துத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். திறந்து கிடக்கும் சாக்கடை, அறுந்து விழுந்த மின்சாரக் கம்பி என்று, பத்திரிகைக் காரியாலயத்தில் வருஷக்கணக்காக நான் எழுதிய செய்திகளெல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. வேண்டிக்கொள்ளாத தெய்வம் பாக்கியில்லை.

ஆறேகாலுக்கு வந்து சேர்ந்தாள், தொப்பலாக நனைந்துகொண்டு. வேன் தண்ணீரில் நின்றுபோய்விட்டதாம். டிரைவர் ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்து கரை சேர்த்தாராம். "அம்மா, ஒரே ஜாலியா இருந்தது!" என்றாள்.

வாரி அணைத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் செய்தது வேறு. பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

குழந்தை அழக்கூட இல்லை. திகைத்துப்போய் என் முகத்தையே பார்த்தாள். என் மாமியார் துண்டை எடுத்து வந்து அவள் தலையைத் துவட்டியபடி, என் பக்கம் திரும்பாமலே, "பயந்துபோயிட்டேன்னு சொல்லியிருக்கலாமேம்மா. அதுக்கு ஏன் அடிச்சே?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை அன்றிரவு தூங்க விடவில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அச்சத்தையும் வெகுளியையும் தனித்தனியேதான் வைத்திருக்கிறார். இலக்கணத்தில் அவை இரண்டு. உடம்புக்குள்ளே அவ்வளவு தூரத்து உறவில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த வால்டர் கானன், வலி, பசி, பயம், ஆத்திரம் இவற்றால் உடம்பில் உண்டாகும் மாறுதல்களைப் பற்றி 1915-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். குரைக்கும் நாயைக் கண்டு வெருண்ட பூனைகளை வைத்து ஆராய்ந்தவர் அவர். நம் சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தாற்போல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை கூவியதும் அவை அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் படபடக்கிறது, ஜீரணம் மந்தமாகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கை கால்களுக்குப் பலம் கூடுகிறது. தப்பி ஓடவும் இதே ஏற்பாடுதான், எதிர்த்துச் சண்டை போடவும் இதே ஏற்பாடுதான். பின்னால் வந்தவர்கள் இரண்டுக்கும் இடையே நுட்பமான வித்தியாசங்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும், சமையல் இரண்டானாலும் அடுப்பு ஒன்றுதான்.

ஒன்றே முக்கால் மணி நேரம் எனக்குள் அந்த அடுப்பு எரிந்தது. குழந்தை வந்ததும் ஆபத்து தீர்ந்தது. நெருப்பு உடனே அணையவில்லை. ஓடுவதற்கு இடமில்லை, கை ஓங்கிவிட்டது. போதாததற்கு, 'பயந்தேன்' என்று சொல்ல நமக்கு வெட்கம். கோபித்துக்கொள்ள மட்டும் வெட்கமே இல்லை!

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்து, குழந்தையின் பையில் தண்ணீர்ப் பாட்டிலைக் காணோம். கேட்டால், "ஃபிரண்டு வீட்டிலே இருக்கு" என்றாள். பாட்டி மெதுவாக விசாரித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. அது தொலைந்துபோய் நாலு நாளாயிற்றாம். பக்கத்துப் பெண்ணிடம் ஒரு வாய் இரண்டு வாய் வாங்கிக் குடித்துக்கொண்டு சமாளித்திருக்கிறாள். "சொன்னா அம்மா அடிப்பா."

யோசித்துப் பாருங்கள். என் பயம் என் கோபமாயிற்று. என் கோபம் அவள் பயமாயிற்று. அவள் பயம் பொய்யாயிற்று, தாகமாயிற்று. அவளுக்கு ஓர் ஆபத்தும் வரக்கூடாது என்று துடித்த நானே, அவள் அஞ்சும் ஆபத்தாகிவிட்டேன்.

மார்கழியில் மறுபடியும் ஒரு நாள் தாமதம். ஆண்டு விழா ஒத்திகையாம். கதவைத் திறந்தபோது என் கை நடுங்கியது. அதை இடுப்பில் அழுத்திக்கொண்டு, "அம்மா ரொம்பப் பயந்துட்டேண்டி" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதேம்மா, நான்தான் வந்துட்டேனே!"

கோபம் என்னை விட்டு அடியோடு போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நேற்றுக்கூடப் பால் பொங்கியதற்கு வீடே அதிர்ந்தது. ஆனால் இன்று உங்கள் வீட்டில் யாராவது நேரம் கழித்து வந்து, வாசலிலேயே சண்டை பிடிக்க உங்கள் வாய் திறந்தால், முதலில் உள்ளே இருக்கும் பயத்தைச் சொல்லிப் பாருங்கள். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள், பாதிச் சண்டை தானே தீர்ந்திருக்கும்.