கணக்கு உதைத்தால் விடமாட்டார்கள்

கிண்டி பொறியியல் கல்லூரி என்றதும் எல்லாரும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதைச் சுற்றிக் கிடந்த மண்தரை. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே சிவில் படித்தோம். சர்வே பிராக்டிகல் உள்ள நாட்களில் வெயில் ஏறுவதற்குள் ஸ்டோர் வாசலில் நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்டு லெவல், ஸ்டாண்டு, ஸ்டாஃப், ரேஞ்சிங் ராடு எல்லாவற்றையும் வாங்கித் தோளில் சுமந்துகொண்டு மரத்தடி கிடைக்குமா என்று தேடிப் போவோம். நல்ல மரத்தடி எப்போதும் முந்தின பேட்சுக்குத்தான்.

டம்பி லெவலைப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு தொலைநோக்கி, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குழல், குழலுக்குள் திரவமும் ஒரு காற்றுக்குமிழும். அந்த பபிளை நடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம். இரண்டு திருகுகளை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் திருக வேண்டும். திருகினால் இரண்டும் உள்பக்கமாக, இல்லையென்றால் இரண்டும் வெளிப்பக்கமாக. இடது கைக் கட்டைவிரல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் பபிள் நகரும். அது புத்தகத்தில் இருக்கிற விதிதான், ஆனால் விரலுக்குப் பழகும்வரை பபிள் நம்மை அலைக்கழிக்கும். அது நின்றதும் கண்ணை வைத்தால் உலகமே தலைகீழ். ஸ்டாஃப் என்ற நெடிய அளவுகோலின் எண்கள் கவிழ்ந்து தெரியும், மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். தூரத்தில் ஸ்டாஃப் பிடித்திருப்பவள் அதை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுவாள். ஆட்டும்போது குறுக்குக் கம்பியில் வந்துபோகும் அளவுகளில் எது மிகக் குறைவோ அதுதான் ஸ்டாஃப் செங்குத்தாக நின்ற கணத்தின் அளவு. அதைப் பிடித்து எழுத வேண்டும்.

எழுதினால் முடிந்ததா? அங்கேதான் கிண்டியின் படிப்பு தொடங்கும். லெவல் புத்தகத்தின் கடைசி வரியில் மூன்று கழித்தல்கள் உண்டு. லெவலை ஓரிடத்தில் நிறுத்தியதும் முதலில் எடுக்கும் அளவு பேக்சைட், அங்கிருந்து நகர்த்தும் முன் கடைசியாக எடுப்பது ஃபோர்சைட். பேக்சைட்டுகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர்சைட்டுகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். ஏற்றங்களின் கூட்டிலிருந்து இறக்கங்களின் கூட்டைக் கழிக்க வேண்டும். கடைசி இடத்தின் மட்டத்திலிருந்து முதல் இடத்தின் மட்டத்தைக் கழிக்க வேண்டும். மூன்றும் ஒரே எண்ணாக வர வேண்டும். வந்தாலும் அது கூட்டல் கழித்தல் சரி என்பதற்குத்தான் சாட்சி, ஸ்டாஃபைத் தப்பாகப் படித்திருந்தால் அது காட்டிக்கொடுக்காது. ஆகவே புறப்பட்ட இடத்துக்கே லெவலைக் கொண்டுவந்து மூட வேண்டும். புறப்படும்போது இருந்த மட்டத்துக்கும் திரும்பி வந்தபோது கிடைத்த மட்டத்துக்கும் இடையே எவ்வளவு உதைக்கிறது என்பதை சார் முதலில் பார்ப்பார். "கணக்கு உதைக்குதேம்மா, மறுபடி போய்ட்டு வாங்க" என்பார். அதில் கோபம் இருக்காது. வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

பிரிஸ்மாட்டிக் காம்பஸ் கொடுக்கிற நாளில் சாவிக்கொத்து, பேனாக்கத்தி எல்லாவற்றையும் பையில் போட்டுத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். ஒரு கோட்டை இந்த முனையிலிருந்து பார்த்த திசைக்கும் அந்த முனையிலிருந்து திரும்பிப் பார்த்த திசைக்கும் சரியாக 180 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்றின் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. கம்பிவேலியோ, விளக்குக் கம்பமோ, மண்ணுக்குள் புதைந்த குழாயோ. காம்பஸ் பொய் சொல்லாது, ஆனால் பக்கத்தில் யார் இழுக்கிறார்களோ அவர்கள் பக்கம் சாயும். எந்த முனையில் இழுப்பு, எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு கோடாகப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இதைவிட நல்ல துப்பறியும் வேலையை நான் பிறகு செய்ததில்லை.

அந்த மண்ணில் நின்றபோது எங்களுக்கு அதன் வரலாற்றை யாரும் பாடமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காலை நேரங்கள் என் மனதில் பெரிதாகிவிட்டன. இந்தக் கல்லூரியின் வேரே சர்வேதான். 1794-இல் சென்னையில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார்கள். யோசனை மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளருடையது, பொறுப்பு ஜான் கோல்டிங்ஹாம் கையில். முதலில் சேர்ந்தவர்கள் எட்டுப் பையன்கள், அநாதை விடுதியிலிருந்து வந்தவர்கள். அப்பன் பேர் சொல்ல ஆளில்லாத அந்தச் சிறுவர்கள்தான் இந்த நாட்டில் பொறியியல் கல்வியின் முதல் மாணவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழும். கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்துவிட்டு 1920-இல் கிண்டிக்கு வந்தது. கோல்டிங்ஹாம் பணிபுரிந்த வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. இன்றைக்கு வானிலை மையம் இருக்கும் அந்த வளாகத்தில் 1792 என்று பொறித்த கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் உண்டு. கட்டடம் போய்விட்டால்கூட இங்கே ஒரு வானாய்வகம் இருந்தது என்பதற்கு அந்தத் தூண் சாட்சி சொல்லும்.

கிண்டிக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை. நாட்டை முக்கோணங்களால் அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் அங்கேதான் தன் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதை மண்ணில் போட்டு இழுக்கவில்லை. மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்து அளந்தார். ஏன் இவ்வளவு பாடு? எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். ஒற்றைச் சங்கிலியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் காலை வெயிலுக்கும் உச்சி வெயிலுக்கும் 10 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், அந்த 12 கிலோமீட்டர் முழுக்கச் சேர்ந்து 1.4 மீட்டருக்கு மேல் போய்விடும். பிறகு நாடு முழுவதும் வரையப்போகிற முக்கோணங்கள் எல்லாம் இந்த ஒரு கோட்டின் மேல் நிற்பவை. சென்னை வெயிலில் சங்கிலி பிடித்த எங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையே இருக்கவில்லை. கை சுட்ட அனுபவம் இருந்தது.

லாம்ப்டன் அதோடு விடவில்லை. முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை போய், 1804-இல் அங்கே இன்னொரு அடிக்கோட்டைத் தரையிலேயே அளக்கச் செய்தார். சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளமும் தரையில் அளந்த நீளமும் சில அங்குலங்களே வேறுபட்டன. நாங்கள் மரத்தடியில் செய்த அதே வேலை, இருநூறு மைல் அளவில். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கோணம் அளக்கும் அவருடைய அரை டன் தியோடலைட் கயிறு அறுந்து சுவரில் மோதி வளைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே நிமிர்த்தினார்.

புள்ளியியல் எங்களுக்கு வகுப்பறைப் பாடமாக வந்தது, மின்விசிறிக்குக் கீழே. அந்தப் பேப்பரை வெளியில் யாரும் மதிக்கவில்லை, பாஸானால் போதும் என்ற நினைப்பு. எனக்கு அது பிடித்துப்போனது சர்வேயால்தான். ஒரே கோட்டை எங்கள் குழுவில் ஆளுக்கொரு முறை அளந்தால் ஆளுக்கொரு எண் வரும். அந்த எண்கள் கண்டபடி சிதறுவதில்லை, நடுவில் கூடி இருபுறமும் மெலியும். அதைத்தான் நார்மல் கர்வ் என்று பலகையில் வரைந்தார்கள். சங்கிலி உழைத்து நீண்டுபோயிருந்தால் எத்தனை முறை அளந்தாலும் சராசரி நம்மைக் காப்பாற்றாது, எல்லா அளவும் ஒரே பக்கமாகக் குறையும். கவனக்குறைவால் வரும் தவறு வேறு, கருவியின் கோளாறு வேறு, தற்செயலான பிசகு வேறு. புள்ளியியலால் மூன்றாவதை மட்டும்தான் அடக்க முடியும். கையில் மிச்சமாகும் பிசகுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கும் முறையை 1805-இல் லெஜாந்தர் வெளியிட்டார், 1809-இல் காவுஸ் வெளியிட்டார். இருவரும் வானத்துப் பொருள்களின் பாதையைத் தேடியவர்கள். வானத்துக்கு எழுதிய கணக்கு மண்ணளப்பவர்களுக்குச் சொந்தமானது.

கம்ப்யூட்டர் லேப் இன்னொரு உலகம். செருப்பை வெளியே விட்டு உள்ளே நுழைந்தால் ஏசி குளிர் காலில் ஏறும். அன்றைக்கு வீட்டில் ஏசி இருந்தவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். சி மொழியில் நாங்கள் முதலில் எழுதியவற்றில் ஒன்று 0.1-ஐப் பத்து முறை கூட்டும் நிரல். திரையில் 1.000000 என்று ஒழுங்காக அச்சாகும். அது 1-க்குச் சமமா என்று நிரலிடமே கேட்டால் இல்லை என்று சொல்லும். இரும எண்முறையில் 0.1-ஐ முழுதாக எழுத முடியாது, எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்க வேண்டும், வெட்டிய துணுக்கு கூடிக்கொண்டே போகிறது என்று விளக்கினார்கள். மெஷின் சொன்னால் சரி என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போனது. போனது நல்லதற்குத்தான். பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங், வாரக்கடைசியில் மெஷின் தன் வேலையைப் பிழை என்று தூக்கிப் போட்டதில் சலித்துப்போய், பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தியும் கொள்ளும் குறியீட்டை உருவாக்கி 1950-இல் வெளியிட்ட கதையையும் அங்கேதான் கேட்டோம். எண்ணோடு கூடவே அதைச் சோதிக்கிற எண்ணையும் அனுப்புவது. லெவல் புத்தகத்தின் கடைசி வரி!

சைபர் செக்யூரிட்டி என்ற பேப்பர் அன்றைக்கு இல்லை. பேர் இல்லாமலே பாடம் நடந்தது. வெளியிலிருந்து கொண்டுவரும் ஃப்ளாப்பியை லேப் அண்ணன் முதலில் தன் மெஷினில் போட்டு ஸ்கேன் செய்யாமல் உள்ளே விடமாட்டார். 1986-இல் லாகூர் சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் ஃப்ளாப்பியின் முதல் பகுதியில் போய் உட்காரும், அந்த ஃப்ளாப்பியை டிரைவிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் ஏறிக்கொள்ளும் என்பதை அவர்தான் சொன்னார். மார்ச் 6 வந்தால் லேப் பூட்டியிருக்கும். மைக்கேலாஞ்சலோ என்ற வைரஸ் அந்தத் தேதியில் மெஷினைப் போட்டால் டிஸ்கை அழிக்கும். யூனிக்ஸ் டெர்மினலில் பாஸ்வேர்டு மறந்துபோய் வந்த ஒரு மாணவியிடம் அவர் சொன்னதும் காதில் இருக்கிறது: "எனக்கே தெரியாதும்மா. உன் பாஸ்வேர்டை மெஷின் வச்சிருக்கறதில்ல, அதை உருமாத்தி வச்சிருக்கு. புதுசுதான் போட முடியும்." நிர்வாகிக்கும் தெரியக்கூடாத ஒன்று நிர்வாகியின் மெஷினிலேயே இருக்கலாம் என்பது எங்களுக்கு அன்று பெரிய ஆச்சரியம்.

எங்கள் வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்டாஃப் பிடிக்க மட்டும் எங்களை அனுப்பிவிட்டு லெவலை ஆண்களே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சண்டை போட்டு வாங்கினோம். இதே கல்லூரியில் 1940-இல் சேர்ந்து 1943-இல் மின்பொறியியலில் பட்டம் வாங்கிய ஏ. லலிதா, கூடவே சிவில் படித்த பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய மூவரையும் பற்றி அன்றே எங்களுக்குச் சொல்லியிருந்தால் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டிருப்போம்.

இப்போது சர்வேக்கு டோட்டல் ஸ்டேஷன் இருக்கிறது, செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி இருக்கிறது. பபிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் அறிமுகப் பேப்பர்களை ஒப்புக்கு நடத்திவிட்டு மாணவர்களை வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு விரட்டும் கல்லூரிகளை நான் நிறையப் பார்க்கிறேன், ஆதங்கமாக இருக்கிறது. அண்ணன் மகள் வேறொரு கல்லூரியில் சைபர் செக்யூரிட்டி படிக்கிறாள். இறக்கிய ஃபைலிலிருந்து ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் கொடுத்த குறியீட்டோடு ஒப்பிட்டு, ஃபைல் வழியில் மாறிவிட்டதா என்று பார்க்கும் முறையை எனக்குக் காட்டினாள். "அறுபத்து நாலு எழுத்து, அத்தை. கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகணும். ஒண்ணு உதைச்சாலும் அந்த ஃபைலைத் தொடவே கூடாது" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததும் அவளை உட்கார்த்தி வைத்து மூன்று கழித்தல்களையும் சொல்லிக்கொடுத்தேன்.

எந்தப் பிரிவில் சேர்ந்திருந்தாலும் முதலாண்டு மாணவர்கள் எல்லாரையும் ஒரு காலையாவது வெயிலில் நிறுத்தி, டம்பி லெவலைக் கொடுத்து, புறப்பட்ட இடத்துக்கே மூடி வரச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அவர்களைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். அடுத்த நாள் அந்த அளவுகளையே புள்ளியியல் வகுப்புக்கு எடுத்துப் போகட்டும், அதற்கடுத்த நாள் லேபில் அதற்கு நிரல் எழுதட்டும். சென்னையில் படிப்பவர்களாக இருந்தால் பரங்கிமலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் பஸ் இருக்கிறது.